ரெஸ்யூமே எழுத ஆள் வைக்கலாமா? ரெக்ரூட்டரை நம்பலாமா? வேலை தேடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை தேடத் தொடங்கியதுமே இரண்டு வகை ஆட்கள் எதிரே வருவார்கள். ரெஸ்யூமேவை அழகாக எழுதித் தருகிறோம் என்பவர்கள் ஒரு வகை. உங்களுக்குப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது, விவரம் அனுப்புங்கள் என்று போன் செய்யும் ரெக்ரூட்டர்கள் இன்னொரு வகை. இருவராலும் பயன் உண்டு. ஆனால் புதிதாக வருபவர்கள் எதிர்பார்க்கும் பயன் வேறு, கிடைக்கும் பயன் வேறு. ரெஸ்யூமே எழுதுபவருக்குப் பணம் தருவது நீங்கள். ரெக்ரூட்டருக்குப் பணம் தருவது ஆள் தேடும் நிறுவனம். யாரிடம் எதைக் கேட்கலாம், யார் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதல் வேலை: எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பது

யாருக்கும் காசு கொடுக்கும் முன் ஒரு எக்செல் தாளைத் திறந்து ஆறு நெடுவரிசைகள் (காலம்) போடுங்கள்: தேதி, நிறுவனம், பதவி, எந்த வழியாக விண்ணப்பித்தீர்கள், எந்த ரெஸ்யூமே அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது. இருபது, முப்பது விண்ணப்பங்கள் சேர்ந்ததும் அந்தத் தாளே பேசத் தொடங்கிவிடும்.

போன் வருகிறது, ஆனால் இன்டர்வியூவில் நின்றுவிடுகிறது என்றால் ரெஸ்யூமே தன் வேலையைச் செய்துவிட்டது. அதைத் திரும்ப எழுதப் பணம் கொடுப்பது வீண். அந்தப் பணத்தையும் நேரத்தையும் இன்டர்வியூ பயிற்சியில் போடுங்கள். கடைசிச் சுற்று வரை போய்த் தவறுகிறது என்றால் சம்பள எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட், உங்களைப் பற்றி விசாரிக்கக் கொடுத்த ஆட்கள் ஆகியவற்றைப் பாருங்கள்.

அழைப்பே வரவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். தகுதி பொருந்தாத இடங்களுக்கு அனுப்புகிறீர்கள். அல்லது தகுதி இருக்கிறது, காகிதத்தில் தெரியவில்லை. எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். விண்ணப்பித்த ஐந்து விளம்பரங்களை எடுத்து, "கட்டாயம் வேண்டும்" என்று கேட்டிருப்பவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவற்றில் உங்களிடம் உண்மையில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். பாதிகூடத் தேறவில்லை என்றால், எவ்வளவு கெட்டிக்கார எழுத்தாளராலும் அதைச் சரிசெய்ய முடியாது. முக்கால்வாசி தேறியும் அழைப்பு வரவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் ரெஸ்யூமேவில்தான். எழுதும் உதவி பயன்படும் இடம் இதுதான்.

ரெஸ்யூமே எழுதுபவரால் என்ன முடியும்?

தெளிவாக எழுதப்பட்ட ரெஸ்யூமேவுக்குப் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. ஓர் இணைய வேலைச் சந்தையில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை வைத்து நடந்த கள ஆய்வு 2023-இல் வெளிவந்தது. ரெஸ்யூமே எழுதும்போது எழுத்துப்பிழை, இலக்கணம், சொல்தேர்வு ஆகியவற்றில் கணினி வழி உதவி பெற்றவர்கள், அது கிடைக்காதவர்களைவிட சுமார் 8 சதவீதம் கூடுதலாக வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். இதை இரண்டு பக்கமாகவும் படிக்க வேண்டும். எழுத்தைச் சீர்செய்தால் பலன் உண்டு. அந்தப் பலன் அளவானது. அதற்கு விலையுயர்ந்த ஆள்தான் வேண்டும் என்பதும் இல்லை.

நல்ல எழுத்தாளரின் உண்மையான மதிப்பு அவர் கேட்கும் கேள்விகளில் இருக்கிறது. "கிடங்குப் பொறுப்பு" என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். எத்தனை பேர் உங்களுக்குக் கீழே? எத்தனை வகைப் பொருள்? நீங்கள் வந்தபோது கணக்குக்கும் கையிருப்புக்கும் எவ்வளவு வித்தியாசம், இப்போது எவ்வளவு? எதை மாற்றினீர்கள்? என்று அவர் தோண்டிக் கேட்டால், அதே வரி "6 பேர் கொண்ட குழுவுடன் 1,200 வகைப் பொருட்களின் கையிருப்பை நிர்வகித்தேன், வாராந்திரச் சரிபார்ப்பைக் கொண்டுவந்து கணக்குப் பிழையை 9 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தேன்" என்று மாறும். செயல், அளவு, விளைவு மூன்றும் இருக்க வேண்டும். கேள்வி கேட்காமல், பழைய ரெஸ்யூமேவை மட்டும் வாங்கிக்கொண்டு எழுதித் தருபவரால் இந்த மாற்றத்தைச் செய்யவே முடியாது. அலங்காரச் சொற்களைத்தான் சேர்ப்பார். "ஊக்கமும் அர்ப்பணிப்பும் மிக்க, முடிவுகளை நோக்கிச் செயல்படும்" என்று தொடங்கும் முகவுரையைப் பார்த்தால் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தத் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்பதையும் அறிந்திருங்கள். யார் வேண்டுமானாலும் இன்று காலையிலிருந்து ரெஸ்யூமே நிபுணர் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். சி.பி.ஆர்.டபிள்யூ. (சான்று பெற்ற தொழில்முறை ரெஸ்யூமே எழுத்தாளர்) போன்ற சான்றிதழ்கள் உண்டு. ஒரு தனியார் தொழில்முறைச் சங்கம் தேர்வு வைத்துக் கொடுப்பது அது. சான்றிதழ் வைத்திருப்பவர் எழுதும் முறையைப் படித்திருக்கிறார் என்று கொள்ளலாம். உங்கள் துறை அவருக்குத் தெரியும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை.

ஏடிஎஸ் பூச்சாண்டி

ரெஸ்யூமே சேவை விற்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஆயுதம் இது. "முக்கால்வாசி ரெஸ்யூமேக்களை மென்பொருளே தூக்கி எறிந்துவிடுகிறது, மனிதர் கண்ணில் படுவதே இல்லை" என்பார்கள். இந்த எண்ணுக்குப் பின்னால் நம்பத்தக்க ஆய்வு எதுவும் கிடையாது.

ஏடிஎஸ் என்பது விண்ணப்பங்களைச் சேமித்து, வரிசைப்படுத்தி, தேட உதவும் மென்பொருள். வொர்க்டே, டேலியோ, கிரீன்ஹவுஸ் போன்றவை இந்த வகை. தானாக நிராகரிப்பது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் உள்ள ஆம்/இல்லை கேள்விகளால் நடக்கிறது: அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, குறிப்பிட்ட உரிமம் இருக்கிறதா, இத்தனை ஆண்டு அனுபவம் உண்டா. அங்கே "இல்லை" என்று போட்டால் ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதை முடிந்தது. சில நிறுவனங்கள் விளம்பரத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் வசதியையும் வைத்திருக்கின்றன. மற்றபடி ரெக்ரூட்டர் முக்கியச் சொற்களைப் போட்டுத் தேடுகிறார், அல்லது வந்த வரிசையில் திறந்து பார்க்கிறார். 300 விண்ணப்பம் வந்த இடத்தில் முதல் 80-ஐப் பார்த்ததும் போதுமான ஆள் கிடைத்துவிட்டால், மீதியை யாரும் திறக்காமல் போவதும் நடக்கும். விளம்பரம் வந்த ஓரிரு நாளில் அனுப்புவது, பல "ஏடிஎஸ் சீரமைப்பு" சேவைகளைவிடப் பயன் தரும்.

மென்பொருள் ரெஸ்யூமேவைத் தப்பாகப் படிப்பது மட்டும் உண்மையான சிக்கல். அதை வீட்டிலேயே சோதிக்கலாம். ரெஸ்யூமேவைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறி வந்தால் இரண்டு நெடுவரிசை அமைப்போ அட்டவணையோ காரணம். பெயரும் போன் எண்ணும் காணாமல் போனால் அவை பக்கத்தின் தலைப்புப் பகுதியில் இருக்கின்றன, உடல்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். திறமைகளை நட்சத்திரமாகவோ பட்டையாகவோ வரைந்திருந்தால் அதில் எதுவுமே வராது. எதையும் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அந்த பிடிஎஃப் வெறும் படம். ஒற்றை நெடுவரிசை, வழக்கமான தலைப்புகள், எழுத்தாகச் சேமித்த பிடிஎஃப் அல்லது வேர்ட் கோப்பு இருந்தால் இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

"இலவச மதிப்பீடு" என்ற பெயரில் உங்கள் ரெஸ்யூமேவுக்கு 100-க்கு 38 என்று மதிப்பெண் வந்தால் பயப்படாதீர்கள். அந்த மதிப்பெண்ணுக்கும் நிறுவனம் பயன்படுத்தும் ஏடிஎஸ்-க்கும் தொடர்பு கிடையாது. அவர்கள் விற்கும் சேவையை வாங்கவைப்பதற்கான முதல் படி அது.

ஆள் வைத்தே தீர்வதென்றால்

எல்லோருக்கும் இது தேவையில்லை. படித்து முடித்து முதல் வேலை தேடுபவருக்கு ஒரு பக்கம் போதும். அதை அவரே எழுதி, துறையில் இருக்கும் ஒருவரிடமும் எழுத்துப்பிழை பார்க்கத் தெரிந்த ஒருவரிடமும் காட்டினால் போதுமானது. துறை மாறுபவர், நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புபவர், பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவத்தை இரண்டு பக்கத்தில் சுருக்கத் தெரியாமல் திணறுபவர், வேலைக்கான மொழியில் எழுதத் தயங்குபவர் ஆகியோருக்குத்தான் கொடுக்கும் பணத்துக்குப் பொருள் இருக்கிறது.

1. முதலில் நீங்கள் குறிவைக்கும் மூன்று விளம்பரங்களைத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் ஒரே வகைப் பதவியாக இருக்க வேண்டும். "எந்த வேலையானாலும் சரி" என்று போனால் எந்த வேலைக்கும் பொருந்தாத ரெஸ்யூமேதான் திரும்பி வரும்.

2. வேலை செய்த ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து குறிப்புகள் எழுதுங்கள்: என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எண்ணில் என்ன மாறியது. எண் நினைவில்லாத இடத்தில் "வாரத்துக்கு ஏறத்தாழ 40 பில்" என்பது போன்ற நேர்மையான மதிப்பீடு போதும். பழைய நிறுவனத்தின் ரகசியத் தகவல்களைச் சேர்க்காதீர்கள்.

3. எழுத்தாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எழுதும் ஆள் நீங்களா, வேறு யாருக்காவது கைமாற்றுவீர்களா? என்னுடன் எவ்வளவு நேரம் பேசுவீர்கள்? எத்தனை முறை திருத்தித் தருவீர்கள்? திருத்தக்கூடிய வேர்ட் கோப்பு கிடைக்குமா? அரை மணி நேரத்துக்கும் குறைவான பேச்சு போதாது. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை நியாயம். குறைந்தது இரண்டு திருத்தங்கள் வேண்டும். வேர்ட் கோப்பு தரமாட்டேன் என்றால் விலகிவிடுங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இரண்டு மூன்று வரிகளை மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் அவரிடம் ஓடமுடியாது.

4. பெயர் மறைத்த மாதிரிகள் இரண்டு மூன்று கேளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே முகவுரை, ஒரே சொற்கள் என்றால் அது அச்சு வார்ப்பு.

5. "வேலை உத்தரவாதம்" என்பவரை உடனே ஒதுக்குங்கள். முடிவு அவர் கையில் இல்லை. நேர்மையானவர்கள் எழுத்துக்கு மட்டுமே பொறுப்பேற்பார்கள்.

6. வரைவு வந்ததும் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்து, "இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் பேசுவேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேச முடியாத வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். எழுத்தாளர் சேர்த்த ஒரு சொல்லுக்கு இன்டர்வியூவில் பதில் சொல்லப்போவது நீங்கள்.

கடைசியாக, முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் பாருங்கள். தி லேடர்ஸ் என்ற வேலைத்தளம் 2018-இல் செய்த கண்ணசைவு ஆய்வில், ரெக்ரூட்டர் முதல் பார்வைக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 7.4 விநாடி. பதவிப் பெயர், நிறுவனம், ஆண்டுகள், விளம்பரத்தில் கேட்ட இரண்டு மூன்று முக்கியத் திறன்கள் எல்லாம் அந்தப் பகுதியிலேயே தென்பட வேண்டும்.

ரெக்ரூட்டர் யாருக்காக வேலை செய்கிறார்?

ரெக்ரூட்டர் வேலைக்கு ஆள் தேடுகிறார். ஆளுக்கு வேலை தேடுவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் மாதக்கணக்கில் காத்திருந்து மனம் நோகிறார்கள்.

நிறுவனத்தின் உள்ளேயே இருக்கும் ரெக்ரூட்டர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். அவர் சொல்லும் பதவி உண்மையாகவே இருக்கும். அதன் விவரமும் அவருக்குத் தெரியும். கன்சல்டன்சி அல்லது ஏஜென்சி ரெக்ரூட்டர் வெளியாள். ஆள் சேர்ந்தால் மட்டுமே அவருக்குக் கூலி. முதல் ஆண்டுச் சம்பளத்தில் 15 முதல் 25 சதவீதம் வரை நிறுவனம் அவருக்குக் கொடுப்பது பல நாடுகளில் வழக்கம். உயர்பதவிகளுக்கு முன்பணம் வாங்கித் தேடுபவர்கள் தனி. அவர்கள் மூன்றில் ஒரு பங்கு வரை கேட்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்பும் நிறுவனங்களோ, நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மணிக்கும் உங்கள் கூலிக்கு மேல் ஒரு தொகை வைத்து வாங்குகின்றன.

அவ்வளவு பணம் கொடுக்கும் நிறுவனம், கேட்டது அப்படியே கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். அதனால்தான் துறை மாறுபவர், பிரெஷர், இடைவெளி உள்ளவர் ஆகியோரை ஏஜென்சி ரெக்ரூட்டர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. உங்களை மதிக்கவில்லை என்று வருந்த வேண்டாம். பொருத்தமான ஆள் தேடிக் கொடுத்தால்தான் அவர் பில் போட முடியும். நீங்கள் இந்த மூன்று வகையில் இருந்தால், தெரிந்தவர் பரிந்துரையும் நேரடி விண்ணப்பமும்தான் உங்கள் வழி. குறிப்பிட்ட திறமையில் சில ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு மட்டும் ரெக்ரூட்டர் பெரிய துணை: விளம்பரத்துக்கே வராத இடங்கள், சம்பள வரம்பு, இன்டர்வியூ எடுப்பவரின் போக்கு என வெளியில் கிடைக்காத தகவல் அவரிடம் இருக்கும்.

ரெக்ரூட்டர் போன் செய்தால்

1. நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். முதல் பேச்சில் மறைப்பது இயல்பு. உங்கள் ரெஸ்யூமேவை அனுப்பும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

2. பதவி விவரம், சம்பள வரம்பு, இடம், நிரந்தரமா ஒப்பந்தமா, ஏன் காலியானது, எவ்வளவு நாளாகக் காலி, எத்தனை சுற்று என்று கேளுங்கள். இவற்றில் பாதிக்காவது பதில் தெரியாதவர், நிறுவனத்துடன் நேரடித் தொடர்பு இல்லாதவராக இருக்கலாம்.

3. "என் ஒப்புதல் இல்லாமல் எங்கும் அனுப்பாதீர்கள்" என்பதை மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக ஒப்புதல் கொடுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒரு ஏஜென்சி உங்கள் ரெஸ்யூமேவை அனுப்பிவிட்டால், பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆறு மாதமோ ஓராண்டோ நீங்கள் "அவர்கள் ஆள்". இரண்டு ஏஜென்சிகள் அதே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால் யாருக்குக் கட்டணம் கொடுப்பது என்ற தகராறு எழும். அதில் சிக்க விரும்பாமல் நிறுவனம் உங்களையே விட்டுவிடக்கூடும். நேரடியாக விண்ணப்பித்த இடத்துக்கு ஏஜென்சி வழியாகவும் போனால் அதே கதிதான். தொடக்கத்தில் போட்ட எக்செல் தாள் இங்கே கைகொடுக்கும்.

4. அவர்கள் அனுப்பும் ரெஸ்யூமேவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தொடர்பு விவரங்களை எடுத்துவிட்டுத் தங்கள் முத்திரை போடுவது வழக்கம், அதில் தவறில்லை. உங்களிடம் இல்லாத திறமையைச் சேர்த்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

5. "வேறு எங்கெல்லாம் இன்டர்வியூ போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு நிறுவனப் பெயரைச் சொல்லாதீர்கள். "இரண்டு இடத்தில் பேச்சு நடக்கிறது, ஒன்று இறுதிச் சுற்றில்" என்பது போதும். பெயரைச் சொன்னால், அங்கே காலியிடம் இருக்கிறது என்ற செய்தி அவருக்குக் கிடைக்கிறது. அதே இடத்துக்கு வேறு ஆளை அனுப்பலாம். முதல் பேச்சிலேயே பழைய மேலாளரின் போன் எண்ணைக் கேட்பதும் சில நேரம் இதற்காகத்தான். ஆஃபர் உறுதியாகும் கட்டத்தில் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

சம்பளப் பேச்சில் அவர் எந்தப் பக்கம்?

சம்பளம் கூடினால் கமிஷனும் கூடும், அதனால் எனக்காகப் பேசுவார் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுச் சம்பளம் 100, கட்டணம் 20 சதவீதம் என்று வைப்போம். பேசி 105 ஆக்கினால் உங்களுக்கு ஆண்டுதோறும் 5 கூடும். ஏஜென்சிக்கு ஒரே ஒரு முறை 1. அந்த 1-க்காக, கையில் வரவிருக்கும் 20-ஐ அவர் ஆபத்தில் வைப்பாரா? பேச்சு சீக்கிரம் முடிவதுதான் அவருக்கு லாபம். எனவே "இதற்கு மேல் கிடைக்காது" என்பதை நிறுவனத்தின் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குறைந்தபட்ச எண்ணைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லி, அதற்குக் காரணமும் கொடுங்கள். ரெக்ரூட்டரால் நிறுவனத்திடம் எடுத்துப் பேச முடிவது காரணத்தை வைத்துத்தான்.

எழுத்தில் ஆஃபர் லெட்டர் வந்து, படித்து, கையெழுத்துப் போடும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள். "நாளைக்கு வந்துவிடும், நீங்கள் இன்றே ராஜினாமா கொடுங்கள்" என்று அவசரப்படுத்தினாலும் சரி. ஏஜென்சி வழியாகச் சேர்ந்தவர் முதல் மூன்று மாதத்தில் விலகினால், ஏஜென்சி மாற்று ஆள் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது பரவலான ஒப்பந்த விதி. சேர்ந்த பிறகும் ரெக்ரூட்டர் அடிக்கடி நலம் விசாரிப்பதற்கு அது ஒரு காரணம். அந்த நேரத்தில் சொன்ன பணியும் கொடுத்த பணியும் வேறாக இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அப்போது அவர் உண்மையிலேயே உங்களுக்காகப் பேசுவார்.

பணம் கேட்டால்

1997-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 181-ஆம் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு, தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணமோ செலவோ வசூலிக்கக் கூடாது என்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. சில நாடுகளின் சட்டம் ஓர் உச்சவரம்புக்குள் கட்டணம் வாங்க அனுமதிக்கிறது. வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்சியின் அரசுப் பதிவு எண்ணை அரசுத் தளத்திலேயே சரிபார்த்து, அந்த வரம்பையும் அங்கேயே பாருங்கள்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம், "திரும்பக் கிடைக்கும்" வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் வந்தாலும் கை விலக்குங்கள். இன்டர்வியூவே இல்லாமல் ஆஃபர், நிறுவனப் பெயரில் இல்லாத இலவச மின்னஞ்சல் முகவரி, அசல் பாஸ்போர்ட்டையோ சான்றிதழ்களையோ வைத்துக்கொள்வது, ஓடிபி கேட்பது எல்லாம் மோசடியின் அடையாளங்கள். சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து, அப்படி ஒரு பதவி இருக்கிறதா என்று கேளுங்கள். ரெக்ரூட்டர் கொடுத்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம். "வேலை இருக்கிறது, ஆனால் உங்கள் ரெஸ்யூமே சரியில்லை, இவரிடம் எழுதி வாங்கி வாருங்கள்" என்று ஒரு ரெக்ரூட்டர் பணம் கட்டும் சேவைக்கு அனுப்பினால், பெரும்பாலும் வேலை எதுவும் இல்லை. உண்மையான ரெக்ரூட்டர், எந்த வரியை மாற்ற வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் இலவசமாகச் சொல்லிவிடுவார். நீங்கள் தேர்வானால் அவருக்குத்தானே வருமானம்.

பதிலே வராவிட்டால்

ரெஸ்யூமே அனுப்பிய ஐந்து வேலைநாள் கழித்து ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள்: எந்தப் பதவி, எந்தத் தேதி, இப்போது என்ன நிலை. இன்னும் ஒரு வாரம் கழித்து இரண்டாவது. அதற்கும் பதில் இல்லை என்றால் எக்செல் தாளில் அந்த வரியை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சண்டை போட வேண்டாம். மூன்று மாதம் கழித்து வேறொரு இடத்துக்கு அதே ஆள் அழைக்கக்கூடும். உங்கள் துறையை நன்றாக அறிந்த இரண்டு மூன்று ரெக்ரூட்டர்களோடு தொடர்பில் இருந்தால் போதும். ஒரே ரெஸ்யூமேவை இருபது ஏஜென்சிகளுக்கு இறைத்தால், மேலே சொன்ன இரட்டை அனுப்பல் சிக்கல்தான் வரும். வேலை கிடைத்ததும் அந்த இரண்டு மூன்று பேருக்கும் ஒரு வரி எழுதிச் சொல்லிவிடுங்கள். சேர்ந்த தேதியையும் பதவியையும் அவர்கள் குறித்து வைத்துக்கொள்வார்கள். நீங்கள் விலகிக்கொண்ட மற்ற ஏஜென்சிகளிடம், உங்கள் ரெஸ்யூமேவைத் தங்கள் கோப்பிலிருந்து நீக்கச் சொல்லி அதே நாளில் எழுதுங்கள்.